மருமோனே, ஜேர்மன் சாப்பாடு எண்டு ஒண்டு கிடையாது

“ஜேர்மன்காரரிட்டை என்ன மாமா சாப்பாடு இருக்கு? உருளைக்கிழங்கும் குடலிலை இறைச்சி அடைச்ச வூர்ஸ்டும்தானே” எண்டு மாமியின்ரை இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டு நீர் சொன்னீர். நான் அப்ப வாய் திறக்கேல்லை. படிச்ச பிள்ளை, மெசின் பழுதுபார்க்கிற எஞ்சினியர், கொம்பனி கார் தந்து ஊர் ஊராய் அனுப்பப் போகுது. மரியாதை குடுக்கத்தானே வேணும். ஆனால் வந்து இறங்கின நாள் தொடக்கம் நீர் திண்டது துருக்கிக்காரன்ரை டோனரும் பெட்டியிலை வாற உறைஞ்ச பீட்சாவும்தான் எண்டு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை வைச்சு ஒரு நாட்டையே அளந்து முடிச்ச கெட்டித்தனத்துக்கு நான் ஏதும் பரிசு தரத்தான் வேணும். காசு தரமாட்டன். புத்தி தாறன்.

நான் இந்த நாட்டின்ரை பூகோளத்தைக் கோப்பை கழுவிப் படிச்சனான். எண்பதுகளிலை வந்த எங்கடை ஆக்கள் கனபேருக்கு ரெஸ்ரோறன்ட் குசினிதான் பல்கலைக்கழகம். மேசைக்குப் போன கோப்பை என்ன கோலத்திலை திரும்பி வருதெண்டு பார்த்தால் சாப்பிட்டவன் எந்தப் பக்கத்தான் எண்டு சொல்லலாம். குழம்பைப் பாணாலை துடைச்சு, கழுவிறவனுக்கு வேலை வைக்காமல் அனுப்பினால் அவன் ஷ்வாபன்காரன். காசு குடுத்த சாமானிலை ஒரு துளி மிச்சம் விடான்.

அந்தப் பல்கலைக்கழகத்தின்ரை முதற்பாடம்: ஜேர்மன் சாப்பாடு எண்டு ஒண்டு இல்லை, ஊர்ச் சாப்பாடுதான் இருக்கு. 1871 மட்டும் இஞ்சை ஒரு நாடே இல்லைத் தம்பி. ராசாக்கள், சிற்றரசர், ஆயர்மார், தனிப் பட்டினங்கள் எண்டு துண்டு துண்டாய்க் கிடந்தது. பிறகு அரசுகளை ஒண்டாக்கிப் போட்டாங்கள். சட்டி பானையை ஒண்டாக்க ஒருத்தராலும் முடியேல்லை. சிவப்பு லைட்டுக்கு நடுச்சாமத்திலையும் நிக்கிற சனம், குப்பையை நாலு நிறத்திலை பிரிக்கிற சனம், கடுகு எண்டு வந்தால் ஒரு சட்டத்துக்கும் அடங்காது.

ஆனபடியால் நல்ல பேர் எடுக்க வேணுமெண்டால் இலக்கணத்தைப் பாடமாக்கி மண்டையை உடைக்காதையும். எந்த ஊரிலை எதைப் புகழ வேணும், எந்த அயலூரின்ரை பேரை வாயிலை எடுக்கப்படாது எண்டு மட்டும் தெரிஞ்சு வையும். பொய் சொல்லிறதெண்டாலும் ஊரறிஞ்சு சொல்ல வேணும்.

முதல் வேலை மியூனிக்கிலை எண்டீர். காலமை பத்து மணிக்கு ஆரும் வைஸ்வூர்ஸ்டுக்குக் கூப்பிட்டால், பிறகு மத்தியானம் பார்ப்பம் எண்டு சொல்லிப் போடாதையும். பன்னிரண்டு மணிக் கோயில் மணி அந்த வெள்ளை வூர்ஸ்டின்ரை காதிலை விழப்படாது எண்டது அவையின்ரை சாத்திரம். சாத்திரத்தைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளுக்குக் குளிர்ப்பெட்டி இல்லாத காலம் தெரியும்: கண்டுக்குட்டி இறைச்சியை அரைச்சு, பார்ஸ்லியும் எலுமிச்சந்தோலும் போட்டு, புகை காட்டாமல் விடியப்புறம் செய்யிற சாமான், வெயில் ஏற முன்னம் திண்டு முடிக்க வேணும். இப்ப வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி இருக்கு, சாத்திரமும் இருக்கு. 1857இலை மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துக் கடைக்காரன் ஒருத்தனுக்கு மெல்லிய குடல் முடிஞ்சு போச்சாம். தடிச்ச குடலிலை அடைச்சிட்டு, பொரிச்சால் வெடிச்சுப் போகும் எண்டு பயந்து சுடுதண்ணியிலை போட்டானாம். அப்பிடித்தான் இது பிறந்தது எண்டு கதை. கதைக்குச் சாட்சி கேக்காமல் சாப்பிடும்.

சாப்பிடுற முறை: ஒரு முனையைக் கடிச்சு, உள்ளே இருக்கிறதை உறிஞ்சி எடுத்திட்டு, தோலைக் கோப்பையிலை விட வேணும். கத்தியும் முள்ளுக்கரண்டியும் எடுத்து வடிவாய் வெட்டினாலும் ஏசமாட்டினம். உறிஞ்சினீர் எண்டால் மடியிலை தூக்கி வைப்பினம். தொட்டுக்கொள்ளக் கடுகு, ஆனால் அது உறைக்காது, இனிக்கும். பக்கத்திலை கோதுமைப் பியர். காலமை பத்து மணிக்கோ எண்டு கேப்பீர். கொம்மா இஞ்சை இல்லை. என்ன இறைச்சி எண்டதையும் ஊருக்குப் போன் எடுக்கேக்கை சொல்ல வேண்டாம்.

அங்கையிருந்து வடக்காலை நூர்ன்பேர்க்குக்கு ஏறினீர் எண்டால், மியூனிக்கைப் பற்றின புகழையெல்லாம் காருக்குள்ளை பூட்டிப் போட்டு இறங்கும். நூர்ன்பேர்க்காரனுக்குத் தான் பவாரியன் இல்லை, பிராங்கன்காரன் எண்டதிலை ஒரு முறுக்கு. அவன்ரை வூர்ஸ்ட் விரலளவு. 7 தொடக்கம் 9 சென்ரிமீற்றர், 25 கிராமுக்கு மேலை போகப்படாது. 2003 தொடக்கம் ஐரோப்பியச் சட்டமும் காவல் நிக்குது. அந்தப் பட்டினத்து எல்லைக்குள்ளை செய்யாததுக்கு அந்தப் பேர் வைக்கேலாது. ஏன் இவ்வளவு குட்டி எண்டு கேட்டால், கடை பூட்டின பிறகு சாவித் துவாரத்தாலை வித்தவை எண்டொரு கதை விடுவினம். ரண்டு மூண்டு எண்டு தட்டிலை கேட்டால் சிரிப்பினம். ஆறு, எட்டு, பத்து, பன்ரண்டு எண்டுதான் தகரத் தட்டிலை அடுக்கி வரும். மூண்டு திங்க ஆசையெண்டால் தெருவிலை பணிசுக்குள்ளை வைச்சுத் தருவினம்.

இனி அந்த எல்லையைத் தாண்டித் தூரிங்கனுக்குப் போனால் வூர்ஸ்ட் திடீரெண்டு வளரும். அங்கை ஆகக் குறைஞ்சது 15 சென்ரிமீற்றர், கரி அடுப்பிலை சுட்டது, மார்ஜொரமும் கருஞ்சீரகம் போலை ஒரு சீரகமும் உள்ளியும் மணக்கும். நெருப்பு எழும்பினால் பியரைத் தெளிச்சு அடக்குவினம். கெட்சப் கேக்காதையும், கேட்டால் தருவினம், தந்திட்டு உம்மைப் பிறகு ஒருக்காலும் மனிசனாய் மதிக்கமாட்டினம். அவையிட்டை ஒரு துரும்புச் சீட்டு இருக்கு: 1404ஆம் ஆண்டு ஆர்ன்ஸ்டட் கன்னியர் மடத்துக் கணக்கு. பிராட்வூர்ஸ்டுக்குக் குடல் வேண்டின காசு அதிலை எழுதியிருக்கு. கன்னியாஸ்திரிமார் கணக்கிலை பொய் எழுதுவினமோ? உடனை நூர்ன்பேர்க், எங்கடை தாள் அதைவிடப் பழசு எண்டு சொல்லும். டானூப் ஆத்தங்கரையிலை, ரேகன்ஸ்பூர்க் கல்லுப்பாலத்தடியிலை ஒரு வூர்ஸ்ட் குசினி இருக்கு. ஆக மூத்தது தாங்கள்தான் எண்டு அவையும் நிக்கினம். நீர் என்ன செய்ய வேணும்? மூண்டு இடத்திலையும் கண்ணை விரிச்சு “அப்பிடியோ!” எண்டு கேளும். அந்தச் சொல்லுக்கு ஒரு ஊரும் எல்லைவரி அறவிடுறதில்லை.

ஷ்வாபன் பக்கம், ஸ்டுட்கார்ட், உல்ம் எண்டு போனால் கொஞ்சம் ஆறுதலாய் நில்லும். எனக்குப் பிடிச்ச நாடு அது. சனம் கஞ்சல், கைப்பக்குவத்திலை மட்டும் கஞ்சத்தனம் இல்லை. ஸ்பெட்ஸ்லெ எண்டொரு சாமான்: முட்டையும் மாவும் அடிச்ச களியைப் பலகையிலை தடவி, கத்தியாலை சின்னச் சின்னனாய்க் கொதிதண்ணிக்குள்ளை சீவித் தள்ளுறது. உதுக்கு அச்சுக் கருவி எத்தினையோ கடையிலை விக்குது. ஆனால் மாமியார் வந்து நிக்கிற நாளிலை பலகையைத்தான் எடுக்க வேணும். எந்தச் சாதியிலையும் மாமியார் ஒண்டுதான்.

பிறகு மவுல்டாஷன். மாவை விரிச்சு, உள்ளுக்கு இறைச்சி, கீரை, வெண்காயம், ஊறின பாண் எல்லாம் வைச்சு மூடி, சூப்பிலை போட்டுத் தருவினம். மவுல்புரோன் மடத்துச் சாமிமாருக்குத் தவக்காலத்திலை நல்ல இறைச்சி ஒண்டு கிடைச்சுதாம். எறிய மனம் இல்லை, திங்க விதி இல்லை. கீரையோடை சேர்த்து அரைச்சு, கடவுள் மேலை இருந்து பார்த்தாலும் தெரியாமல் மாவுக்குள்ளை ஒளிச்சுப் போட்டினமாம். அதாலை “கடவுளைப் பேய்க்காட்டி” எண்டு அதுக்கொரு செல்லப்பேரும் இருக்கு. இப்பவும் ஈஸ்டருக்கு முந்தின வியாழன், வெள்ளியிலை வீடு வீடாய்ச் சமைக்கினம். வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டு நெத்தி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மாமிக்கு முன்னாலை நிக்கிற உமக்கு, இந்த வித்தை உதவும் எண்டு நினைக்காதையும். கடவுள் மேலை இருந்து பார்க்கிறவர். மாமி பிரிச்சுப் பார்ப்பா.

இந்த மவுல்டாஷன் கோட்டுக்கும் போனது. 2009இலை கொன்ஸ்டன்ஸ் பட்டினத்திலை, முதியோர் இல்லத்திலை கனகாலம் வேலை செய்த ஒரு மனிசி, குப்பைக்குப் போக இருந்த மவுல்டாஷனிலை ஆறை எடுத்தா எண்டு வேலையாலை நிப்பாட்டிப் போட்டினம். முதல் கோடு, நிப்பாட்டினது சரி எண்டுட்டுது. நாடே கொந்தளிச்சுது. அடுத்த வருசம் மேல்கோட்டிலை 42,500 யூரோ குடுத்துச் சமாதானமாய் முடிச்சினம். நீர்தானே கணக்குப் படிச்சனீர், ஆறாலை பிரிச்சுப் பாரும். ஏழாயிரத்துக்கு மேலை வரும் ஒரு மவுல்டாஷன். இனி ஷ்வாபன்காரன் கோப்பையை ஏன் துடைச்சுத் தின்னிறான் எண்டு கேக்கமாட்டீர்.

உண்மையாய் மரக்கறி வேணுமெண்டால் அங்கை பருப்பு இருக்கு. ஓம், பருப்பு! ஸ்பெட்ஸ்லெக்குப் பக்கத்திலை அவிச்ச பருப்பு, மேலை ஒரு சோடி மெல்லிசு வூர்ஸ்ட். பருப்புக்கு வினாகிரி விடுவினம், முகத்தைச் சுளியாதையும். வூர்ஸ்டைத் தூக்கிப் போட்டால் முழு மரக்கறிதானே எண்டு குசினியிலை கேட்டால், ஓம் எண்டுதான் பதில் வரும். அடியிலை வதக்கின பண்டிக் கொழுப்பு அவையின்ரை கணக்கிலை இறைச்சி இல்லை, வாசம்.

அந்தப் பருப்பின்ரை கதை கேக்க வேண்டிய கதை. ஷ்வாபன் மலைப்பக்கம் கல்லு நிலம், தண்ணி நிக்காது; அங்கை காலாகாலமாய்ப் பருப்பு விளைஞ்சுது. செடி தானாய் நிமிர்ந்து நிக்காது, சாய்ஞ்சு விழும். அதாலை ஓட்ஸோ பார்லியோ கலந்து விதைச்சு, அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்க விடுவினம். பிறகு அரிச்சுப் பிரிக்கிறது தனி வேலை. வெளிநாட்டுப் பருப்பு மலிவாய் வந்து இறங்க, அறுபதுகளோடை சனம் கைவிட்டிட்டுது. விதையும் போச்சு. எண்பதுகளிலை லவுட்டராக் எண்ட ஊரிலை வொல்டமார் மம்மல் எண்டொரு கமக்காரன் பிரெஞ்சு விதையை வைச்சுத் திரும்பத் தொடங்கினார். ஆனால் ஊர்ப் பருப்பு வேணும் எண்டு மனிசனுக்கு ஒரே பிடிவாதம். தேடித் தேடி 2006இலை அந்தப் பழைய ரண்டு சாதி விதையும் அம்பிட்டுது. எங்கை தெரியுமோ? ரஷ்யாவிலை, சென் பீற்றர்ஸ்பேர்க் வவிலோவ் விதைக் களஞ்சியத்திலை. ரண்டாம் உலக யுத்தத்திலை அந்த நகரத்தை முற்றுகை போட்டுச் சனத்தைப் பட்டினி போட்டது ஜேர்மன் படை. களஞ்சியத்திலை வேலை செய்த விஞ்ஞானிமார் சிலர், விதைச் சாக்குகளுக்கு நடுவிலை இருந்துகொண்டு, ஒரு மணியும் தொடாமல் பசியிலை செத்தவை. அந்த இடம்தான் பிறகு ஜேர்மன்காரனுக்கு அவன்ரை பருப்பைத் திருப்பிக் குடுத்தது. இப்ப ஸ்டுட்கார்ட் கடையிலை “அல்ப்-லைசா” எண்டு போட்டு நல்ல விலைக்கு விக்குது. மாமியிட்டை ஒரு பக்கெட் குடுத்தனான். தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சினா. மம்மல் ஐயாவுக்குச் சொல்ல வேண்டாம்.

பல்ஸ் பக்கம் போனால் பண்டியின்ரை இரைப்பைக்குள்ளை இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைச்சு அவிச்சுத் தருவினம், சவுமாகன் எண்டு பேர். முந்தின சான்சலர் ஹெல்முட் கோல் அந்தப் பக்கத்து ஆள். 1989இலை மார்கரெட் தச்சரைத் தன்ரை ஊர்ப்பக்கம் டைடஸ்ஹைமுக்குக் கூட்டிக்கொண்டு போய் உதைத்தான் மேசையிலை வைச்சவர். அந்த இரும்பு மனிசியே மறுக்கேலாமல் இருந்த இடத்திலை நீர் எம்மாத்திரம்? கேட்டால் ஒரு துண்டு எடும்.

கொலோனிலை ஒரு பொறி இருக்கு. சாப்பாட்டு அட்டையிலை “அரைச் சேவல்” எண்டு எழுதியிருக்கும், விலையும் மலிவாய் இருக்கும். நீர் கோழி எண்டு வாய் ஊறிக்கொண்டு இருப்பீர். வாறது ஒரு றை பணிசு, ஒரு துண்டு கவுடாச் சீஸ், கொஞ்சம் கடுகு. சண்டைக்குப் போகாதையும்; பக்கத்து மேசை முழுக்க உம்மடை முகத்தைப் பார்க்கத்தான் காத்துக்கொண்டிருக்கும். அங்கத்தைப் பரிமாறிறவனுக்கு ஒரு தனிச் செருக்கு. தண்ணி கேட்டால், சவர்க்காரமும் துவாயும் சேர்த்துக் கொண்டுவரவோ எண்டு கேப்பான் எண்டு பேர். கோபம் இல்லை அது, மரியாதை. கேல்ஷ் பியர் 200 மில்லிலீற்றர் குட்டிக் கிளாசிலை வரும். முடிய முடியக் கேக்காமலே அடுத்ததை வைச்சு, தட்டு மட்டையிலை ஒரு கோடு கீறுவான். போதும் எண்டால் வாயாலை சொல்லிப் பிரியோசனம் இல்லை. மட்டையைக் கிளாசுக்கு மேலை மூட வேணும். உது தெரியாமல் போய் இருந்து, கை காட்டி, தலையாட்டி, பிறகு டாக்சியிலை வீட்டுக்குப் போன எங்கடை ஆக்களை நான் கண்டனான். அங்கை இருந்துகொண்டு டுசல்டோர்வின்ரை கறுத்த ஆல்ட் பியர் மட்டும் கேளாதையும். கேட்டால் அந்தத் தண்ணிக்குச் சவர்க்காரமும் தரமாட்டான்.

பிராங்பேர்ட் எண்டால் பச்சைச் சோஸ். ஏழு இலை: பார்ஸ்லி, சைவ்ஸ், கிரெஸ், சொரல், போரேஜ், செர்வில், பிம்பினெல். அரிஞ்சு, புளிச்ச கிறீமோடை கலந்து, அவிச்ச முட்டைக்கும் உருளைக்கிழங்குக்கும் மேலை ஊத்துவினம். ஏழு எண்டால் ஏழுதான், 2016 தொடக்கம் அதுக்கும் ஐரோப்பியப் பாதுகாப்பு. இலை வளர்க்கிற ஓபராட் பக்கத்திலை ஏழு கண்ணாடிக் குடில் கட்டி, ஒவ்வொண்டும் ஒவ்வொரு பச்சையாய், அதுக்கு நினைவுச்சின்னமே வைச்சிருக்கினம். அதே மாநிலத்திலை வடக்கை கசல்காரர் அதுக்குள்ளை டில் இலை போடுவினம். பிராங்பேர்ட்டிலை டில் எண்டு சொல்லிப் பாரும், குடில் ஏழும் ஆடும். அங்கை இன்னொண்டு, “இசையோடை கைச்சீஸ்.” வெண்காயமும் வினாகிரியும் சீரகமும் ஊறின நாறல் சீஸ். முள்ளுக்கரண்டி இல்லாமல் கத்தியாலை மட்டும் தின்ன வேணும். இசை எங்கை எண்டு கேக்காதையும், வெண்காயம் வேலை செய்யத் தொடங்க இரவு தானாய் வரும். அடுத்த நாள் காலமை லிப்டிலை மனேச்சரோடை ஏற வேண்டியிருந்தால் உந்தச் சங்கீதத்தைத் தவிரும்.

சாக்சன் பக்கத்தானுக்குக் கடவுளையும் ராசாவையும் இழுக்காமல் சாப்பாட்டுக் கதை சொல்லத் தெரியாது. ட்ரெஸ்டன்காரர் நத்தாருக்குச் சுடுற ஸ்டொலன் கேக், ஒரு காலத்திலை நோன்புக் காலத்துக் கேக்காம், வெண்ணெய் போடப்படாது. எண்ணெய் விட்டுச் சுட்டால் வாயிலை வைக்கேலாது. சிற்றரசர் பாப்பரசருக்குக் கடிதத்துக்கு மேலை கடிதம். கடைசியிலை 1491இலை எட்டாம் இன்னசென்ட் பாப்பரசர் வெண்ணெய் போடலாம் எண்டு அனுமதிக் கடிதம் அனுப்பினார், சும்மா இல்லை, ஒரு தொகையும் கட்ட வேணும். வெண்ணெய்க்கு விசா எடுத்த சனம் இது. அகதி விசாவுக்கு நாங்கள் எத்தினை கடதாசி குடுத்தம் எண்டு முறைப்படுறது எல்லாம் பிறகு.

பக்கத்திலை லைப்சிக்கிலை வானம்பாடிக் குருவியை வலைபோட்டுப் பிடிச்சு, மாவிலை பொதிஞ்சு சுட்டு ஏத்துமதியே செய்தவை. 1876இலை ராசா ஆல்பேர்ட் வேட்டையைத் தடை செய்தார். பேக்கரிக்காரர் அழுதுகொண்டு இருக்கேல்லை. வாதுமை வைச்சு ஒரு குட்டிக் கேக் செய்து, குருவியைக் கட்டின நூல் மாதிரி மேலை ரண்டு மாப்பட்டி குறுக்கை போட்டு, அதே வானம்பாடிப் பேரிலை விக்கத் தொடங்கினவை. இப்பவும் விக்குது. குருவியும் தப்பிச்சுது, வியாபாரமும் தப்பிச்சுது. உதுதான் சாக்சன் மூளை.

வடக்கிலை, பிரேமன், ஓல்டன்பேர்க் பக்கம், தை மாசி மாசத்திலை வேலைக்குப் போனால் கவனம். கேல் எண்டு இப்ப லண்டன் பெடியள் உடம்புக்கு நல்லதெண்டு சாறடிச்சுக் குடிக்கினமே, அதே இலை. இவை அதைப் பண்டிக் கொழுப்பிலை மணித்தியாலக் கணக்காய் அவிச்சு, உடம்புக்கு நல்லதாய் இருந்ததையெல்லாம் துரத்திப் போட்டுத்தான் மேசைக்குக் கொண்டு வருவினம். மேலை பிங்கல் எண்டொரு வூர்ஸ்ட். கொழுப்பும் உடைச்ச ஓட்ஸும் வெண்காயமும் அடைச்சது. சாப்பிட முன்னம் குளிருக்குள்ளை கூட்டமாய் நடக்க வேணும், கைவண்டிலிலை சாராயப் போத்தலை இழுத்துக்கொண்டு. கடைசியிலை ஒருத்தரைக் “கேல் ராசா” எண்டு முடிசூட்டுவினம். ஓல்டன்பேர்க்காரர் 1956 தொடக்கம் தலைநகரத்துக்கே சட்டியைக் கொண்டு போய் அரசியல்வாதியளுக்கு முடிசூட்டுகினம். அங்கெலா மெர்கலும் அந்தக் கிரீடம் போட்டவ. உமக்குச் சூட்டினால் பெருமைப்படாதையும். அடுத்த வருசச் செலவுக்கு ஆள் பிடிக்கிற வழி அது.

ஹம்பேர்க்கிலை லப்ஸ்கவுஸ். உப்பு மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பீட்றூட் எல்லாம் மசிச்சு ஒரு சிவப்புக் களி, மேலை பொரிச்ச முட்டை, பக்கத்திலை புளிச்ச மீன். பல்லுப்போன கப்பல்காரருக்கு எண்டு வந்த சாப்பாடு. பார்க்காதையும், சாப்பிடும்.

சரி, பேர்லின். கறிவூர்ஸ்ட் எண்டவுடனை நெஞ்சை நிமித்திக்கொண்டு, கறித்தூள் எங்கடை எண்டு உரிமை கோரப் போவீர், தெரியும். வூர்ஸ்டைப் பொரிச்சு வெட்டி, தக்காளிச் சோஸ் ஊத்தி, மேலை மஞ்சள் தூள் ஒரு கை. எங்கடை யாழ்ப்பாணத் தூளைக் கண்டால் அந்தத் தூள் வெக்கத்திலை சிவக்கும். ஆனால் அதைச் சொல்லாதையும். 1949 செப்டெம்பர் 4, யுத்தம் முடிஞ்சு இடிபாட்டுக்குள்ளை சனம் இருந்த நேரம், சார்லொட்டன்பூர்க்கிலை ஹெர்ட்டா ஹொய்வர் எண்ட மனிசி தன்ரை பெட்டிக்கடையிலை உதைச் செய்தவ. அந்த இடத்திலை இப்ப பலகையும் பதிச்சிருக்கு. ஹம்பேர்க்காரர் இல்லை எண்டுவினம். ஊவ டிம் எண்ட எழுத்தாளர் 1993இலை ஹம்பேர்க் மனிசி ஒருத்திதான் கண்டுபிடிச்சவ எண்டு ஒரு கதைப்புத்தகமே எழுதினார். கற்பனைக் கதை எண்டு அட்டையிலை இருந்தாலும் அவைக்கு அது உறுதி எழுதின காணி மாதிரி.

நீர் வொல்வ்ஸ்பூர்க் தொழிற்சாலைக்கும் போகவேண்டி வரும். வொக்ஸ்வாகன்காரன் 1973 தொடக்கம் தன்ரை இறைச்சிக்குசினியிலை தானே கறிவூர்ஸ்ட் செய்யிறான். கார் உதிரிப்பாகத்துக்குப் போலை அதுக்கும் பாக இலக்கம் இருக்கு: 199 398 500 A எண்டு. சில வருசம் கார் வித்த எண்ணிக்கையை வூர்ஸ்ட் எண்ணிக்கை தாண்டியிருக்கு. 2021இலை ஒரு கட்டடத்துக் கன்ரீனிலை இறைச்சியை நிப்பாட்டினவை, கறிவூர்ஸ்டும் போச்சு. முந்தின சான்சலர் ஷ்ரோடரே களத்திலை குதிச்சு, தொழிலாளியின்ரை சத்துணவையெல்லோ நிப்பாட்டுறியள் எண்டு சண்டைக்கு வந்தார். 2023இலை திரும்ப வந்திட்டுது. நீர் எஞ்சினியர், கன்ரீனிலை பாக இலக்கம் சொல்லி ஓடர் குடும். அந்த ஒரு பகிடியிலை உம்மடை மெசின் மூண்டு நாள் பிந்தினாலும் மன்னிப்பினம்.

இவ்வளத்தையும் நீர் நக்கல் அடிக்கலாம். ஒண்டை மட்டும் விடும். கேனிக்ஸ்பேர்க் உருண்டை எண்டு சாப்பாட்டு அட்டையிலை இருக்கும்: கண்டுக்குட்டி இறைச்சி உருண்டை, வெள்ளைக் குழம்பு, புளிப்புக்குக் கேப்பர் மொட்டு, அரைப்புக்குள்ளை கொஞ்சம் நெத்தலிக் கருவாடு போலை ஒரு உப்பு மீன். சமைச்சுக் குடுத்தனான், கோப்பையும் கழுவினனான். கேனிக்ஸ்பேர்க் இப்ப ஜேர்மனியிலை இல்லை. 1945க்குப் பிறகு அது ரஷ்யாவின்ரை கலினின்கிராட். அங்கை இருந்த ஜேர்மன் சனம் ஓடிப்போச்சு, மிச்சம் துரத்தப்பட்டுது. கிழக்கு ஜேர்மனியிலை அந்தப் பேரைச் சொல்லப்படாது எண்டு, வெறும் அவிச்ச உருண்டை எண்டு எழுதினவை. பேரை வெட்டலாம், உப்பு மீன் குறைஞ்சதை அந்த ஊர்க் கிழவியின்ரை நாக்கு கண்டுபிடிச்சிடும். குசினிக் கதவுமட்டும் வந்து சொன்னவையும் இருக்கினம். நான் ஒண்டும் பேசாமல் அடுத்த சட்டிக்குக் கூடப் போட்டனான். நீர் கொழும்பிலை பிறந்த பிள்ளை, உமக்கு உது விளங்கப் பத்து வருசம் எடுக்கும், பரவாயில்லை.

ஏப்ரல் நடுப்பகுதியிலை இருந்து யூன் 24 மட்டும் நாடு முழுக்க வெள்ளைத் தண்டுக்கு விசர். ஸ்பார்கல் எண்டு, வெயில் படாமல் மண்ணாலை மூடி வளர்க்கிறது. பேலிட்ஸ் ஊரது நல்லதோ ஷ்வெட்சிங்கன் ஊரது நல்லதோ எண்டு கேப்பினம். வயிறு சரியில்லை எண்டு சொல்லித் தப்பும்.

இனிக் கந்தோர். ஆற்றையேன் பிறந்தநாள் எண்டால் மேசையிலை “மெட்” வைச்சிருப்பினம். பச்சைப் பண்டி இறைச்சி. அரைச்சு, உப்பும் மிளகும் போட்டு, மேலை வெட்டின வெண்காயம், பணிசிலை தடவித் தின்னிறது. அடுப்புக்கும் அதுக்கும் அறிமுகமே இல்லை. கொண்டாட்டம் கூடின கந்தோர் எண்டால் முள்ளெலி உருவத்திலை பிடிச்சு, முதுகுக்கு வெண்காய முள்ளும் கண்ணுக்கு ஒலிவும் வைச்சிருப்பினம். எல்லாரும் உம்மைத்தான் பார்ப்பினம். இத்தினை ஊர்ச் சாப்பாட்டையும் தின்னும் எண்டு சொன்ன நான் இதுக்கு மட்டும் விலக்குத் தாறன்: வெள்ளிக்கிழமை விரதம் எண்டு சொல்லும். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எண்டாலும் பயப்படாதையும், எங்கடை பஞ்சாங்கத்தை அவங்கள் ஆர் பார்க்கப் போறாங்கள்? சொல்லிப்போட்டு மெல்லமாய்க் கேக் இருக்கிற பக்கம் ஒதுங்கும். ஒரு துண்டு எடுத்து, சுட்ட மனிசி எந்த ஊர் எண்டு விசாரிச்ச பிறகு புகழத் தொடங்கும்.